காட்டுப்பன்றியும் கண்ணில்லாக் காவலும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டுவிழா மேடையில் ஏறுவோர் வள்ளுவரைப் பற்றிப் பேசுவர். கம்பரைப் பற்றிப் பேசுவர். சேரநாட்டு மண்ணில் நின்று பேசுகிறோம் என்பதால் இளங்கோவடிகளையும் செங்குட்டுவனையும் எவரும் விடுவதில்லை. யாமோ இன்று பன்றியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். செயலாளர் அவர்கள் பொருளைக் கேட்டவுடன் ஒரு கணம் எம் முகத்தைப் பார்த்தார், பின்னர், "சரி, பேசுங்கள், ஆனால் அரை மணிக்கு மேற்போக வேண்டா" என்று இசைவு தந்தார். அவருக்கு நன்றி.

மட்டாஞ்சேரியில் மலை இல்லை, காடு இல்லை, ஆகவே காட்டுப்பன்றியும் இல்லை. மேற்கே கடல், கிழக்கே காயல். இடையில் கிட்டங்கிகளும் கடைகளும் நெருங்கி வாழும் நம் வீடுகளும். இங்கிருந்துகொண்டு காட்டுப்பன்றியைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நம்முள் எத்துணைப் பேருக்குத் தென்காசியிலோ, தேனியிலோ, கோவைக்கு மேற்கேயோ, பாலக்காட்டு எல்லையிலோ ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்நிலத்தை இப்போது யார் உழுகிறார்கள்? இந்தக் கேள்விக்கும் காட்டுப்பன்றிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு முன் பன்றியை யார் என்று தெரிந்துகொள்வோம்.

பன்றி தமிழருக்குப் புதிய விலங்கு அன்று. கேழல் என்றும் ஏனம் என்றும் அதற்கு நம் மொழியில் பழம்பெயர்கள் உண்டு. திருமால் எடுத்த பத்துப் பிறப்புகளுள் ஒன்று பன்றி. மதுரைச் சொக்கநாதர் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாமே தாய்ப்பன்றியாகிப் பால் கொடுத்ததைத் திருவிளையாடற் புராணம் ஒரு படலமாகவே சொல்கிறது. கண்ணப்பராகப் பின்னர்ப் பெயர் பெற்ற திண்ணனார் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடியதனாலேதான் காளத்தி மலையை அடைந்தார். எனவே பன்றியை நம் முன்னோர் வணங்கவும் செய்தனர்; வேட்டையாடவும் செய்தனர்; தம் பயிரை அதனிடமிருந்து காக்கவும் செய்தனர்.

காத்த முறையை நினைவுகூர்தல் வேண்டும். குறிஞ்சி நிலத்தில் தினை விளையும் காலத்தில் புனத்தின் நடுவே பரண் கட்டினர். பகலில் கிளியையும் குருவியையும் பெண்கள் ஓட்டினர். தட்டை, குளிர், தழல் என்று ஒலியெழுப்பும் கருவிகளும், கல்லெறியக் கவணும் கையில் இருந்தன. இரவில் ஆடவர் பரண்மீது விழித்திருந்து யானையையும் பன்றியையும் விரட்டினர். முருகப்பெருமான் வள்ளியைக் கண்டது எங்கே? தினைப்புனக் காவலில் அன்றோ? இக்காவலின் சிறப்பு யாது? காவல் காத்தவருக்குக் கண் இருந்தது. வருவது பன்றியா, பசுவா, வழிதவறிய மனிதனா என்று பார்த்து, அதற்கேற்ப ஒலியெழுப்பினர், அல்லது கல்லெறிந்தனர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

காட்டுப்பன்றியின் இயல்பைச் சிறிது காண்போம். வளர்ந்த ஆண்பன்றி 100 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். கண்பார்வை மங்கல், மோப்பமோ மிகக் கூர்மை. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிழங்கு இருந்தாலும் மூக்கால் அறிந்து, அதே மூக்கால் உழுது எடுத்துவிடும். பகலில் புதரில் படுத்திருக்கும். இருட்டியபின் கூட்டமாகப் புறப்படும். பெண்பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம். அதற்கு மேலும் ஈனும். பசு ஈனுவது ஒரு கன்று; யானை ஈனுவதும் ஒரு கன்று. பன்றியின் பெருக்கத்துக்கு இந்த ஒரு கணக்கே போதிய விளக்கம். உணவிலோ அதற்குத் தள்ளுபடி கிடையாது. கிழங்கு, நெல், நிலக்கடலை, மக்காச்சோளம், வாழைக்கன்று, மண்புழு, செத்த பிராணி, நாம் எறியும் சோற்றுக்குப்பை அனைத்தும் அதற்கு உணவே. மாலையிட்டுச் சபரிமலைக்குச் சென்ற அன்பர்கள், சன்னிதானத்திலேயே காட்டுப்பன்றிகள் மனிதருக்கு அஞ்சாமல் எச்சில் பொறுக்கித் திரிந்ததைக் கண்டிருப்பர். அச்சம் போனால் விலங்கு அருகில் வரும். அருகில் வந்தால் இடர் வரும்.

உலகின் பிற நாடுகளிலும் பன்றித்தொல்லை உண்டு. ஆனால் அங்குள்ளதற்கும் இங்குள்ளதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் பன்றியே கிடையாது. 1539ஆம் ஆண்டில் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்னும் ஸ்பானியத் தளபதி புளோரிடாவில் இறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளைக் கொண்டுவந்தார். அவ்வாறு வந்தவற்றுள் தப்பியோடியவை காடேறின. 20ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்து விட்டனர். இரண்டும் கலந்தன. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் பன்றிகள் திரிவதாக மதிப்பிடுகின்றனர். ஆண்டுதோறும் உண்டாகும் சேதம் 150 கோடி டாலருக்கும் மேல் என்கின்றனர். ஆஸ்திரேலியாவுக்கும் 1788இல் முதற்குடியேறிகளின் கப்பல்களிலேயே பன்றி வந்து இறங்கியது.

நம் நாட்டுக் காட்டுப்பன்றியோ அவ்வாறு வந்தேறியது அன்று. (வந்தேறி என்னும் சொல்லை நம்மைப் போன்றோர் சற்று எச்சரிக்கையாகவே கையாள வேண்டும்!) அது இம்மண்ணுக்கு உரியது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது இரை. அது காட்டில் இல்லையென்றால் புலி ஊருக்குள் இரை தேடும். ஆதலால் அமெரிக்கர் சொல்வதுபோல் அடியோடு ஒழித்துவிடுவோம் என்று நாம் சொல்ல இயலாது, சொல்லுதலும் முறையன்று. காட்டில் இருக்கவேண்டிய அளவு காட்டில் இருக்கட்டும். வயலுக்கு வருவதைத் தடுப்போம் என்பதே நமக்கேற்ற கொள்கை.

இனி, அது தரும் இடர்கள் யாவை? முதலாவது பயிர்ச்சேதம். ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்தால் மரவள்ளித் தோட்டம் மறுநாள் உழுதுபோட்ட நிலம்போல் கிடக்கும். தின்றது கால் பங்கு; மிதித்துக் கெடுத்தது முக்கால் பங்கு. கேரளத்துச் சிறு விவசாயிகள் பலர் கப்பையும் சேனையும் சேம்பும் நடுவதையே கைவிட்டனர். நம் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே கோதமங்கலம் பக்கம் விசாரித்துப் பாருங்கள், இதைச் சொல்லுவர்.

இரண்டாவது உயிருக்கும் உடலுக்கும் வரும் கேடு. ரப்பர் பால் எடுக்க விடியுமுன் செல்லும் தொழிலாளியைப் பன்றி முட்டுகிறது. இரவில் இருசக்கர வண்டியில் செல்பவர்முன் குறுக்கே பாய்கிறது. காயம்பட்ட பன்றியும் குட்டியோடு இருக்கும் பன்றியும் திரும்பித் தாக்கும். அதன் கீழ்க்கோரை தொடையைக் கிழித்தால் பெருகும் குருதியை நிறுத்துவது அரிது.

மூன்றாவது நோய். 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதல் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடிப் பன்றிப் பண்ணைகளில் தோன்றியது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அந்நோயால் மடிந்தன. இந்நோய் மனிதரைப் பற்றாது. ஆனால் பண்ணை வைத்துப் பிழைப்பவரின் முதலை வேரோடு அழித்துவிடும். 2022 ஜூனில் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் செத்துக் கிடந்தன. ஆராய்ந்தபோது அடைப்பான் நோய் என்று தெரிந்தது. ஆந்த்ராக்ஸ் என்னும் இந்நோய் மனிதரையும் பற்றக்கூடியது. விடுமுறைக்கு அருவி பார்க்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: செத்த விலங்கைத் தொடாதீர்கள்; வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இவை மூன்றும் பன்றியால் வரும் இடர்கள். நான்காவது ஒன்று உண்டு. அது பன்றியால் வருவதன்று. பன்றிக்கு அஞ்சி மனிதன் செய்வதனால் வருவது. இன்றைக்கு யாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதனைத்தான்.

பரண்மீது விழித்திருக்க இன்று ஆள் இல்லை. பிள்ளைகள் பட்டணத்தில், பெற்றோர் முதுமையில். ஆகவே தூங்கிக்கொண்டே காக்கும் வழியை மனிதன் தேடினான். நாட்டு வெடியைப் பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ பொதிந்து வைக்கிறான். தமிழ்நாட்டில் இதை அவுட்டுக்காய் என்பர். மலையாளத்தில் பன்றிப் படக்கம் என்பர். சுருக்குக் கம்பி கட்டுகிறான். மின்கம்பத்திலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ நேரே கம்பி இழுத்து வயலைச் சுற்றி விடுகிறான். இவற்றுக்குக் கண் இல்லை. வருவது எது என்று இவை பார்ப்பதில்லை. எதுவாயினும் கொல்லும்.

அண்மை ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் சிலவற்றை வரிசையாகச் சொல்கிறோம், கேளுங்கள்.

2020 மே மாதத்தில் பாலக்காட்டு மாவட்டத்தில், அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரத்தில், ஒரு பிடியானை வெடி பொதிந்த காயைக் கடித்தது. வாய் சிதைந்தது. உண்ண இயலாமல், நோவு பொறுக்காமல், வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தியபடி நின்றே உயிர்விட்டது. அதன் வயிற்றில் கரு இருந்தது. பன்றிக்காக இத்தகைய வெடிகளை வைக்கும் வழக்கம் அதன்பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

2022 மே மாதத்தில் அதே மாவட்டத்தில், முட்டிக்குளங்கரைக் காவலர் முகாமைச் சேர்ந்த இருவர் வயல்வெளியில் இறந்து கிடந்தனர். பன்றிக்கென்று வைத்த மின்பொறியே காரணம்.

2023 மார்ச் மாதத்தில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு அருகில், பயிரைக் காக்கச் சட்டத்துக்கு மாறாக இட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண்யானைகள் மாண்டன. உடன்வந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச்சுற்றி நின்றன.

2023 செப்டம்பரில் மீண்டும் பாலக்காடு. இளைஞர் இருவர் பன்றிப்பொறியில் மின்சாரம் தாக்கி இறந்தனர். உடல்கள் அவ்வயலிலேயே புதைக்கப்பட்டிருந்ததைக் காவல்துறையினர் கண்டெடுத்தனர்.

2025 ஜூன் மாதத்தில் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில், நண்பர்களோடு மீன்பிடிக்கச் சென்ற 15 வயது மாணவன் ஒருவன் இத்தகைய கம்பியைத் தீண்டி உயிரிழந்தான். பள்ளி திறந்த மாதம் அது.

பன்றிக்கு விரித்த வலையில் யானை விழுந்தது, காவலர் விழுந்தனர், சிறுவன் விழுந்தான். பயிரைக் காக்க முனைந்த உழவன் என்ன ஆனான்? கொலைக்குற்றவாளி ஆனான். ஒரு தோட்டம் கிழங்குக்காகத் தன் வாழ்வையும் பிறர் வாழ்வையும் அழித்துக்கொண்டான். அவனைக் கொடியவன் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆயின் மூன்று முறை நட்டு மூன்று முறையும் இழந்தவனுடைய இரவுகளை நாம் அறியோம். செயல் தீயது, செய்தவன் பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண மனிதன். இதுதான் நாம் அஞ்சவேண்டிய செய்தி. இதே நிலையில் நாமும் இதையே செய்திருக்கக்கூடும்.

"அரசு என்ன செய்கிறது?" என்று கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி காக்கப்பட்ட விலங்கு. அச்சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ், ஓர் இடத்தில் ஒரு விலங்கைத் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. 2015இல் பீகாரிலும் 2016இல் உத்தராகண்டத்திலும் குறிப்பிட்ட பகுதிகளில் காட்டுப்பன்றியை அவ்வாறு அறிவித்தனர். கேரளம் பலமுறை கேட்டும் அத்தகைய அறிவிப்புக் கிடைக்கவில்லை. 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்த விவசாயிகள் சிலருக்குத் தம் நிலத்தில் புகும் பன்றியைக் கொல்ல இசைவளிக்குமாறு கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 மே மாதத்தில் கேரள அரசு, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தலைவர்களுக்கே அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவரே சுட வேண்டும். நஞ்சு, வெடி, மின்சாரம் கூடாது. சுட்ட உடலை முறைப்படி புதைக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் இது குறித்து மத்தியச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்றையும் நிறைவேற்றியது.

தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் வேறொரு முறையை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகுந்து திரிபவற்றை வனத்துறையினர் சுடலாம். இது எண்ணிப்பார்த்து வகுத்த முறை. காட்டுப்பன்றி காட்டுக்கு அருகில் இருப்பது இயல்பு. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஊர்நடுவே குடியிருப்பது இயல்பன்று என்பது அதன் கருத்து.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டமும் துப்பாக்கியும் மட்டும் இதைத் தீர்த்துவிடா. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் ஓர் ஊரில் எத்தனை இருக்கும்? இருப்பவற்றையும் தேர்தல் வந்தால் காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பகலில் புதரில் மறைந்து இரவில் வரும் விலங்கை வயதான துப்பாக்கிக்காரர் எத்தனை சுடுவார்? ஐந்தைச் சுட்டால் ஓர் ஈற்றில் அது மீண்டும் நிரம்பிவிடும். ஆகவே, பன்றி ஊர்நடுவே எங்கே தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று கேட்பதே அறிவுடைமை.

இந்தக் கேள்விக்கு விடை எமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். எம் சொந்த ஊர் தென்காசி மாவட்டத்தில், கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தந்தையார் காலமானபின் 1 ஏக்கர் 20 சென்ட் நிலம் எம் பங்குக்கு வந்தது. இரயில்வேயில் எழுத்தர் வேலை, குடும்பம் மட்டாஞ்சேரியில், நிலத்தை யார் பார்ப்பது? விற்கவும் மனம் இல்லை. உழவும் ஆள் இல்லை. பதினோர் ஆண்டுகள் தரிசாகவே கிடந்தது. ஊரிலிருந்து வருவோர், "பன்னித்தொல்லை தாங்க முடியலை" என்று சொல்லும்போதெல்லாம், "அரசாங்கம் ஏதாவது செய்யவேண்டும்" என்று யாமும் தலையாட்டி வந்தோம்.

ஓர் ஆண்டு கொடைவிழாவுக்காகப் பாலருவி வண்டியில் இரவு ஏறி, விடியுமுன் ஊர்ப்பக்கம் இறங்கினோம். அடுத்த வயல் எம் பெரியப்பா மகனுடையது. அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேலாகிறது. அவர் நட்டிருந்த வாழைக்கன்றுகள் முந்தைய இரவில் பிடுங்கி எறியப்பட்டிருந்தன. வரப்பில் நின்று யாம் ஆறுதல் சொல்லத் தொடங்கியபோது அவர் கையமர்த்தினார்.

"தம்பி, பன்னி மலையிலேயிருந்து வருதுன்னா நினைக்கிறீங்க? அதோ பாருங்க" என்று கைகாட்டினார். அவர் காட்டியது மலையை அன்று, எம் நிலத்தை. சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்திருந்தன. அருகே சென்று பார்த்தபோது புதருக்குள் குகைபோல் வழிகள். ஈரமண்ணில் குளம்புத் தடங்கள். சேறு குழப்பிப் படுத்த பள்ளங்கள். பகலெல்லாம் எம் நிலத்தில் துயின்று, இரவில் அண்ணாச்சி நிலத்தில் உண்டு, மீண்டும் எம் நிலத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தன அவை. தந்தையார் உழுத மண் பன்றிகளுக்குக் கொட்டிலாகியிருந்தது.

அண்ணாச்சி கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். "ஒங்களைச் சொல்லிக் குத்தம் இல்லை. பொழைப்பு அப்படி" என்றார். சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில், "ராத்திரி ஒரு கம்பியை இழுத்து விட்டாப் போதும்னு சொல்றாங்க. எனக்கும் யோசனையாத்தான் இருக்கு" என்றார். அவ்வழியாகத்தான் விடியற்காலையில் பால் கொண்டுபோகும் பெண்கள் நடப்பார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவர் அவ்வாறு சொன்னார் என்றால், அவரை அந்த எல்லைவரை தள்ளியது எது? மலை அன்று, அரசு மட்டும் அன்று, எம் பதினோர் ஆண்டு அசட்டையும்தான்.

அன்றே விடுப்பை மூன்று நாள் நீட்டினோம். ஆள்பிடித்துப் புதரை வேரோடு நீக்கினோம். செலவு கையைக் கடித்தது, மறைக்கவில்லை. பின்னர் அண்ணாச்சியிடம், "குத்தகை வேண்டாம் அண்ணாச்சி, புதர் ஏறவிடாமல் ஏதாவது விதைத்துக்கொள்ளுங்கள், கம்பி மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டோம். அவர் இசைந்தார். பன்றி அதனோடு ஒழிந்துபோயிற்று என்று சொன்னால் அது பொய். இன்றும் வருகிறது. ஆனால் பகலில் தங்க இடமில்லாததால், அப்பால் மலையோரத்திலிருந்து திறந்த வெளியைக் கடந்து வரவேண்டியிருக்கிறது, நாய் குரைக்கிறது, விளக்கைக் காட்டினால் திரும்புகிறது. சேதம் குறைந்திருக்கிறது. அண்ணாச்சி கம்பி இழுக்கவில்லை. எமக்கு அது போதும்.

பெருமக்களே! இது எம் ஒருவர் கதை அன்று என்றே எண்ணுகிறோம். பிழைப்புத் தேடி வந்த ஒவ்வொருவர் பின்னும் ஊரில் ஒரு தரிசு இருக்கிறது. ஒரு தரிசு பெரிதன்று. அடுத்தடுத்துப் பத்துத் தரிசுகள் சேர்ந்தால் அது ஒரு காடு. புலியில்லாத காடு, சிறுத்தையில்லாத காடு, பன்றிக்கு அஞ்சத்தக்கது ஒன்றுமில்லாத காடு. கேரளத்திலும் இதே கதைதான். வெளிநாடு சென்றவரின் பால்வெட்டாத ரப்பர்த் தோட்டங்களில் அடிப்புதர் வளர்ந்து பன்றிகள் வாழ்கின்றன. நாம் ஊரை விட்டு வந்ததில் குற்றம் இல்லை. விட்டதை அப்படியே விட்டுவிட்டதில்தான் குற்றம்.

ஆதலால் சில வேண்டுகோள்களை இம்மன்றத்தில் வைக்கிறோம்.

முதலாவது: ஊரில் தரிசு வைத்திருப்போர் இவ்வாண்டு விடுப்பில் செல்லும்போது அதைச் சென்று பாருங்கள். புதரை நீக்குங்கள். நீங்கள் உழ இயலாவிடின், உழக்கூடிய உறவினருக்கோ அயலாருக்கோ கொடுங்கள். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுவோர் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அச்சத்தால் நிலத்தைப் பன்றிக்குக் கொடுப்பதைவிட மனிதனுக்குக் கொடுப்பது மேல்.

இரண்டாவது: வேலியிட விரும்பும் உறவினருக்கு ஒரு வேறுபாட்டை விளக்குங்கள். சூரிய ஒளியால் இயங்கும் முறையான வேலி விட்டுவிட்டுச் சிறு அதிர்ச்சி தரும், விலங்கு விலகி ஓடும், உயிர் போகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விட்டால் தொட்டது எதுவும் பிழைக்காது. முன்னது வேலி, பின்னது கொலைக்கருவி. பத்து உழவர் சேர்ந்து ஒரே சுற்றாக வேலியிட்டால் செலவும் குறையும். தனித்தனியே இட்டால் பன்றி என் வயலை விட்டு உன் வயலுக்குப் போகும், அவ்வளவே.

மூன்றாவது: இழப்பீடு. பயிர்ச்சேதத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் இரு மாநில அரசுகளும் இழப்பீடு தருகின்றன. கேரளத்தில் வனவிலங்கு தாக்கி உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரியாமலும், சேதமடைந்த மறுநாளே படம் எடுத்து வைக்காமலும், சான்றிதழுக்கு அலைய இயலாமலும் உரிமையை இழப்போர் பலர். யாம் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லோம். ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பிறர் விண்ணப்பங்களைப் படித்தும் குறிப்பெழுதியும் வருகிறோம். எந்தத் தாள் இல்லாததால் ஒரு கோப்பு உறங்கும் என்பது எமக்குத் தெரியும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பின் ஒரு மணி நேரம், ஊரிலுள்ள உறவினருக்காக விண்ணப்பம் எழுதித் தர யாம் உட்காருகிறோம். கணினி அறிந்த இளைஞர் இருவர் உடனிருந்தால் நலம்.

நான்காவது: குப்பை. இது மட்டாஞ்சேரிக்கும் பொருந்தும். சுற்றுலாவுக்கும் மலைக்கோயிலுக்கும் செல்லும்போது மீந்த உணவைச் சாலையோரத்தில் கொட்டாதீர்கள். இன்று நாம் கொட்டும் சோறு, நாளை ஒரு பன்றிக்கு ஊருக்கு வரும் வழியைக் காட்டும்.

இறுதியாக ஒன்று. பழந்தமிழர் பரண்மீது விழித்திருந்தனர் என்றோம். இனி நாம் அனைவரும் திரும்பிச் சென்று பரண் கட்ட இயலாது. அது எமக்கும் தெரியும். ஆனால் காவல் என்பது பரணில் மட்டும் இல்லை. தன் நிலத்தில் என்ன வளர்கிறது என்று பார்ப்பதும் காவல். அயலான் என்ன இழக்கிறான் என்று கேட்பதும் காவல். அவன் மனமுடைந்து கம்பியைக் கையில் எடுக்குமுன் சென்று அவன் கையைப் பிடிப்பதும் காவல். இக்காவலுக்குக் கண் உண்டு. கண்ணில்லாக் காவலால் யானையும் காவலரும் சிறுவனும் மாண்டது போதும்.

செயலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்து நம் குழந்தைகளின் நடனம் காத்திருக்கிறது.